ஒலியேற்புத் துணைக்குழுவும் ஒரு சோடிக் காதும்

படைவிமானிகள் பழகுவதற்கு ஒரு பயிற்சி ஜெட் வாங்குவது என்று முடிவெடுத்து இத்துடன் பதினொரு வருடம் ஆகிறது. எந்த ஜெட் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவெடுக்க ஒரு தெரிவுக்குழு, அதன் கீழே பதினான்கு துணைக்குழுக்கள். இருக்கை மெத்தைக்கு ஒன்று, வால் நிறத்துக்கு ஒன்று, விமானம் வந்து இறங்கும் நாளில் யார் யார் மாலை போடுவது என்பதற்கு ஒன்று. மாலைத் துணைக்குழு மட்டும் வேலையை முடித்து அறிக்கையும் கொடுத்துவிட்டது. பழகவேண்டிய விமானிகளில் மூத்தவர்கள் சிலர் பழகாமலே ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாகக் கேள்வி.

பதினான்காவதின் பெயர் மக்கள் ஒலியேற்புத் துணைக்குழு. பயிற்சி ஜெட் பறக்கும் பாதைக்குக் கீழே குடியிருப்பவர்கள் அதன் சத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டு எழுதவேண்டும் என வெளிநாட்டில் அச்சடித்த கைநூல் ஒன்றில் இருந்ததாம். பாதை வன்னிக்கு மேலால் போகிறது. ஆகவே துணைக்குழு மூன்று வாகனங்களில் ஏறி, நெடுங்கேணியைத் தாண்டி, காட்டோரம் கிடக்கிற ஆத்திமோட்டைக்குளத்தில் வந்து இறங்கியது. விமானச் சத்தம் பிடிக்குமா என்று வன்னிச் சனத்திடம் கேட்க வந்திருக்கிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவியபோது யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

வந்தவர்கள் முதலில் விசாரித்தது வீரகத்தியரைத்தான்.

வீரகத்தியருக்கு வயது அறுபத்தெட்டு. தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழே காணி பெற்ற குடும்பம். நெல்லும் கொஞ்சம் உழுந்தும் விதைக்கிற சாதாரண மனிதர். ஆனால் அவருடைய காது பெயர் பெற்ற காது. சண்டைக் காலத்தில் பாய்ந்து வந்து குண்டு போடுகிற கிபிர் ஜெட் எது, குண்டு தள்ளுகிற சகடை எது, மேலே சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிற வண்டு எது என்று சத்தத்தைக் கொண்டே சொல்ல ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீரகத்தியருக்கு அது மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்னமே கேட்கும். அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கம் சரித்தால் ஊர் வெட்டிவைத்த பங்கர்க் குழிக்குள் இருக்கும். அவர் "போயிட்டுது, எழும்பலாம்" என்றால்தான் ஊர் எழும்பும்.

பதினேழு வருடமாக, அந்தக் காதைப் பற்றி யாராவது புகழ்ந்தால் அவர் எழும்பி வயலுக்குப் போய்விடுவார். ஏன் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி. வயலோரப் பங்கருக்குள் அவரும் ராசுவும் மட்டும். ராசு பக்கத்துக் காணிக்காரன். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவன். கிபிர் எப்போதும் சோடியாகத்தான் வரும். ஒன்று போட்டுவிட்டு இரைந்துகொண்டு போகும்; மற்றது உயரத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கும். இது அங்கே எல்லோருக்கும் பாடமான விசயம். அன்று ஒன்று இரைந்து போனது கேட்டது. ராசுவுக்கு மாடு கட்டையில் நிற்கிறதே என்ற அந்தரம். "அண்ணே, போயிருச்சா?" என்று கேட்டான். வீரகத்தியர் தலையைச் சரித்துப் பார்த்தார். "போயிட்டுது. எழும்பு" என்றார். ராசு எழும்பினான். இரண்டாவது வந்தது.

சனம் ஓடிவந்து கேட்டபோது வீரகத்தியரின் வாய் தன் பாட்டில் சொல்லிற்று. "இரு எண்டு சொன்னனான். கேக்கேல்ல." நாலே நாலு சொல். அதற்குப் பிறகு அவர் எதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரவில்லை, மிச்சத்தைச் சனமே சொல்லிக்கொண்டது.

ராசுவின் பெண்சாதி சுப்பம்மா அந்த நாலு சொல்லையும் நம்பினாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் புருசனுக்குப் படைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று அவனை ஏசுவாள். "பெரியவங்க இருன்னு சொன்னா இருக்க மாட்டியா? மாடு பெருசா நான் பெருசா?" வேலிக்கு இந்தப் பக்கம் வீரகத்தியர் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார். அது மட்டுமா, தோட்டத்தில் காய்க்கிற முதல் பூசணிக்காயை வருசா வருசம் கொண்டுவந்து கொடுப்பாள், தன் மனுசனைக் காப்பாற்றப் பார்த்தவர் என்று. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீரகத்தியரின் மனைவி இலட்சுமி அதைக் கறி வைப்பாள். அவர் தின்னுவார். பதினாறு பூசணிக்காய் அந்தத் தொண்டையால் இறங்கியிருக்கிறது.

இந்தக் காதைத்தான் துணைக்குழு தேடி வந்தது.

முதல் நாள் வேலை காதைச் சோதிப்பது. கூட வந்த வைத்தியர் வீரகத்தியரைப் பொதுநோக்கு மண்டபத்துக் கதிரையில் இருத்தி, விளக்கைப் பிடித்துப் பார்த்து, உள்ளே குறும்பி இருக்கிறது என்று அறிவித்தார். அதை எடுக்கலாமா என்பதில் துணைக்குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. எடுத்தால் அது இயற்கையான மக்கள் காது இல்லை என்றார் செயலாளர். எடுக்காவிட்டால் சோதனை செல்லாது என்றார் வைத்தியர். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். வலது காதைத் துப்புரவாக்குவது, இடது காதை உள்ளபடியே விடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எடுத்த குறும்பியைச் சின்னப் போத்தலில் போட்டு, திகதி எழுதி, கையெழுத்து வைத்துப் பூட்டினார்கள்.

"பிள்ளை, அதை என்ன செய்யப் போகினம்?" என்று வீரகத்தியர் பிரேமிளாவைக் கேட்டார். பிரேமிளா பிரதேச செயலகத்து உத்தியோகத்தர், நாற்பது வயதுக்காரி. சிங்களத்தைத் தமிழாக்குவதற்காக அவளை அனுப்பியிருந்தார்கள்.

"கேக்காதேங்கோ ஐயா. கேட்டா அதுக்கும் ஒரு துணைக்குழு போட்டிடுவினம்."

பிறகு தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, நல்ல உயரம், நல்ல குரல். ஊர்ச்சனம் முழுக்க மண்டபத்தில் இருந்தது. அவர் பேசப் பேசப் பிரேமிளா தமிழில் சொன்னாள்.

"உங்கள் காதுகள் இந்த நாட்டின் சொத்து. உலகில் வேறெந்த நாட்டிலும் விமானத்தின் இனத்தைச் சத்தத்தால் அறியும் விவசாயிகள் இல்லை. பணக்கார நாடுகள் இதற்கு இயந்திரம் வைத்திருக்கின்றன. எங்களிடம் நீங்கள் இருக்கிறீர்கள். இந்தத் திறமை தானாக வந்ததல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு சதம் கட்டணமும் அறவிடாமல், உங்களுக்கு அளிக்கப்பட்ட தொடர்ச்சியான செவிப் பயிற்சியின் பலன் இது. நீங்கள் நன்றி சொல்லவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை."

துணைக்குழு கைதட்டியது. பிரேமிளா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீண்ட நேரம் குடித்தாள்.

அதன் பிறகு படிவம் வந்தது. போட்டியில் நின்ற ஜெட்கள் மூன்று. அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர். ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஒலிபெருக்கியில் போடுவார்கள். கேட்டுவிட்டுக் கட்டத்தில் புள்ளடி போடவேண்டும். கட்டங்கள் மூன்று: இனிமை, மிதமான இனிமை, கருத்தில்லை.

வீரகத்தியர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயம் எண்டு ஒரு கட்டம் இல்லையோ?"

பிரேமிளா கேட்டுச் சொன்னாள். "பயம் ஒரு சத்தம் இல்லையாம் ஐயா. இது சத்தத்துக்கான படிவமாம்."

முதல் சத்தம் வந்தது. வீரகத்தியரின் தலை தன்பாட்டில் சரிந்தது. மண்டபத்தில் இருந்த சனமெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தது, பழைய பழக்கம்.

"இது ஒண்டில்லை. ரெண்டு" என்றார். "முன்னுக்கு ஒண்டு. பின்னுக்கு மேல ஒண்டு சத்தத்தைக் குறைச்சுக்கொண்டு நிக்குது."

ஒலிப்பதிவுக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. உண்மைதான், பதிவு செய்த அன்று பின்னால் இன்னொன்று பறந்ததாம். அது அவருக்கே மறந்துவிட்டதாம். துணைக்குழு எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் தன் கையாலேயே வீரகத்தியரின் சேட்டில் ஒரு வில்லையைக் குத்திவிட்டார். தேசிய நியமக் காது என்று மூன்று மொழியிலும் அதில் எழுதியிருந்தது; மற்றக் காதுகளுக்கெல்லாம் அளவுகோல் என்று அர்த்தமாம். வீரகத்தியருக்குக் கண் கலங்கியது. பெருமையில் என்று சனம் நினைத்தது. பாழாய்ப்போன காது, இன்று இரண்டும் கேட்கிறதே, அன்று எங்கே போயிருந்தது என்றுதான் அவருக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுப்பம்மா இந்த வருடத்துப் பூசணிக்காயோடு மண்டபத்துக்குள் வந்தாள். அதைக் கொண்டுபோய்த் துணைக்குழுவின் மேசையில், கோப்புகளுக்கு நடுவில், வீரகத்தியருக்கு முன்னால் வைத்தாள். மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவங்க காதுக்கு நீங்க என்னத்த குடுத்தாலும் தகும்ங்க. அன்னைக்கும் இவங்க இருன்னுதான் சொன்னாங்க. எங்க வீட்டு மனுசன்தான் கேக்கல."

தலைவர் என்னவென்று கேட்டார். பிரேமிளா சொன்னாள். தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. துணைக்குழு ஒரு மூலையில் கூடிக் கதைத்தது. அரை மணித்தியாலத்தில், கூடக் கொண்டுவந்த அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. அறிவுறுத்தலைப் பின்பற்றாமையால் ஏற்பட்ட தனிநபர் இழப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு என்பது அதன் தலைப்பு.

"இதுவரை விமானங்களைப் பற்றித் தவறான ஓர் எண்ணம் மக்களிடம் இருந்து வந்தது," என்று தலைவர் விளங்கப்படுத்தினார். "இந்த அம்மா அதை இன்று நீக்கிவிட்டார். ஆபத்து விமானத்தில் இல்லை. கேளாமையில் இருக்கிறது. அந்த மனிதர் நியமக் காதுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் இன்று நம்மோடு இருந்து படிவம் நிரப்பியிருப்பார். நாளைய பறப்புச் சோதனை முடிந்ததும் திரு. வீரகத்தி இதில் சாட்சியாக ஒப்பமிடுவார்."

வீரகத்தியர் தாளைப் பார்த்தார். இறந்தவர்: ராசு. காரணம்: சொல் கேளாமை. நாலு சொல்லாக வாயில் இருந்த பொய் இப்போது முத்திரையோடு நின்றது. அன்று இலட்சுமி போட்ட சோற்றை அவர் தொடவில்லை. "காது பெரிசாப் போனா வயிறு சின்னனாப் போடுமோ?" என்று அவள் பகிடி விட்டாள். அவளுக்கும் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை எல்லோரையும் குளக்கட்டுக்குக் கீழே அறுத்த வயலுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். சனம் வழக்கமான வேலையில் இருக்கும்போது மேலால் ஜெட் போகவேண்டும். அப்போதுதான் இயல்பான ஏற்பு தெரியும். வழக்கமான வேலைக்கு நேர அட்டவணையும் கொடுத்திருந்தார்கள். ஒன்பது பதினைந்துக்கு இயல்பாகப் படங்கு விரித்து நெல் காயப்போடுதல். ஒன்பது இருபத்தைந்துக்கு இயல்பாக அயலவருடன் உரையாடுதல். ஒன்பது முப்பதுக்கு இயல்பாகச் சிரித்தல்.

மூன்று ஜெட்டில் ஒன்றைத்தான் விற்கிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். அது அ. மற்ற இரண்டு கம்பனிகளும் ஒலிநாடாதான் அனுப்பியிருந்தன. அதனால் துணைக்குழு சோர்ந்துவிடவில்லை. ஒரு டிரக்டர் பெட்டியில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி, குளக்கட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினார்கள். முதலில் ஆ டிரக்டரில் வந்தது. சனம் நெல்லைக் கிளறிக்கொண்டே அது போவதைப் பார்த்தது. திரும்பி வரும்போது இ. பாதி வழியில் வயர் கழன்றதால் இ சத்தமே இல்லாமல் பறந்து முடித்தது.

கடைசியாக அ வந்தது. நிஜமாக, வானத்தில்.

வீரகத்தியரின் தலை சரிந்ததுதான் தாமதம், வயலில் ஒருவரும் நிற்கவில்லை. படங்கு ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், எல்லோரும் முகங்குப்புற மண்ணில். பல்லுப்போன கிழவரும் கிடந்தார், வங்கியில் வேலை பார்க்கிற பிள்ளையும் கிடந்தாள். துணைக்குழுவின் மேசைக்குக் கீழே பிரேமிளா கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தலைவர் மட்டும் நிமிர்ந்து நின்று செயலாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒன்பது முப்பத்தொன்று. மக்கள் நிலத்தில் ஓய்வெடுக்கின்றனர்."

ஜெட் போய்விட்டது. சத்தம் காட்டுக்கு மேலால் தேய்ந்து ஓய்ந்தது. தலைவர் எழும்பச் சொன்னார். மேசைக்குக் கீழே கிடந்தபடி பிரேமிளா அதைத் தமிழில் சொன்னாள். யாரும் அசையவில்லை. எழும்பச் சொல்லவேண்டியவர் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வரம்போரம் கிடந்த சுப்பம்மா தலையைக் கொஞ்சம் தூக்கினாள். "அண்ணே, போயிருச்சா?"

அதே கேள்வி, அதே சொல். புருசன் பெண்சாதி இருவருக்கும் ஒரே பேச்சு. வீரகத்தியர் போயிட்டுது என்று சொல்ல வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"சுப்பம்மா, நான் இரு எண்டு சொல்லேல்ல."

"என்னண்ணே?"

"அண்டைக்கு. ராசு இப்பிடித்தான் கேட்டவன், போயிருச்சா எண்டு. நான்தான் போயிட்டுது எழும்பு எண்டனான். மற்றது எனக்குக் கேக்கேல்ல. அவன் சொல்லுக் கேக்காமல் சாகேல்ல சுப்பம்மா. என்ரை சொல்லைக் கேட்டுத்தான் செத்தவன்."

வயல் முழுக்க அது கேட்டது. சுப்பம்மா முகத்தைத் திரும்ப மண்ணில் வைத்தாள்.

"பதினேழு வருசமா அந்த மனுசன ஏசிக்கிட்டிருக்கேன்."

"தெரியும்."

"வேலிக்கு அந்தாண்ட ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

"ஓம்."

சுப்பம்மா எழும்பினாள். யாரும் சொல்லாமலே எழும்பினாள். சீலையில் ஒட்டிய நெல்லைத் தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். வீரகத்தியர் கடைசியாக, வரம்பில் கையை ஊன்றி எழும்பினார். அவருக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று தலைவர் கேட்டார். பிரேமிளா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். தலைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"நல்லது. இது முன்னதைவிட நல்லது. அப்படியானால் காரணம் கேளாமை இல்லை, பிழையான ஆலோசனை. எப்படிப் பார்த்தாலும் விமானம் இல்லை. செயலாளர், திருத்திக்கொள்ளுங்கள். திரு. வீரகத்தியின் தவறு."

வீரகத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ தன் பிழையைப் பிழை என்று எழுதுகிறார்கள். சுமை இறங்கியதுபோல இருந்தது, அந்த ஆறுதலே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. பேனையை வாங்கிவிட்டார்.

சுப்பம்மா மேசைக்கு வந்தாள். நேற்று அவள் வைத்துவிட்டுப் போன பூசணிக்காயைக் காகிதங்கள் பறக்காமலிருக்க இங்கும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாள்கள் காற்றில் கிளம்பின.

"பொய் சொன்னது நீங்கண்ணே," என்றாள். குரல் உயரவில்லை. "குண்டு போட்டது நீங்க இல்ல. எழுதுறதுன்னா ரெண்டையும் எழுதுங்க."

பூசணிக்காயோடு வரம்பால் நடந்து போய்விட்டாள்.

வீரகத்தியர் காரணம் என்ற இடத்தில் எழுதினார். அவருடைய எழுத்து பெரிய எழுத்து. எழும்பச் சொன்னதும் பிறகு பொய் சொன்னதும் நான். குண்டு போட்டது நானில்லை. கீழே பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். பிரேமிளா அதை வாசித்துக் காட்டினாள். செயலாளர் அடிமட்டத்தை எடுத்தார். படிவத்தில் ஒரு காரணத்துக்குத்தான் இடம் இருக்கிறதாம். மேலும் இரண்டாவது வசனம் துணைக்குழுவின் விடயப்பரப்புக்குள் வராதாம். அந்த வசனத்தின் மேல் ஒரு நேர்கோடு கீறினார். கோடு வெகு அழகாக இருந்தது. வீரகத்தியர் பேனையைத் திருப்பிக் கேட்டார். படிவம் மூடப்பட்டுவிட்டது என்றார்கள். சேட்டில் குத்திய வில்லையையும், பிழைவிட்ட காது நியமக் காதாக இருக்க முடியாது என்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு கழற்றிப்போனார்கள்.

புரட்டாதியில் அறிக்கை வந்தது. மூன்றில் மக்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது ஆ என்றும், அது கடந்து சென்றபோது ஒருவர்கூட வேலையை நிறுத்தவில்லை என்றும், ஆகவே ஆ தெரிவுசெய்யப்படுகிறது என்றும் அதில் இருந்தது. அது டிரக்டரில் வந்தது என்பதற்கு அறிக்கையில் இடம் இருக்கவில்லை. மாலைத் துணைக்குழு திரும்பக் கூடியது.

ஐப்பசி வந்தது. ராசுவின் திவசத்தன்று வீரகத்தியர் காலையிலேயே சுப்பம்மாவின் படலைக்குப் போனார். படலை சாத்தியிருந்தது. கூப்பிட வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டார். மத்தியானம் வேலிக்கு இந்தப் பக்கம் வழமையான இடத்தில் இருந்தார். அந்தப் பக்கம் சாம்பிராணி மணத்தது. வாழையிலை விரிக்கிற சத்தம் கேட்டது, செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. தலை தன்பாட்டில் சரிந்தது. சுப்பம்மா படத்துக்கு முன்னால் வந்து நிற்பதும் அவருக்குக் கேட்டது.

அவள் ஏசவில்லை. மெல்லிய குரலில், வேலிக்கு இப்பால் உள்ள எந்தக் காதுக்கும் எட்டாதபடி, புருசனோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். வீரகத்தியர் பொழுதுபடும்வரை காத்திருந்தார். ஏசியிருக்கலாம். ராசுவை இல்லாவிட்டால் வீரகத்தியரையாவது ஏசியிருக்கலாம்.